கேரி (வட கரோலினா) தமிழ்க் குடும்பங்கள்: அட்லாண்டா ரூட்

மீனா: சனிக்கிழமை அட்லாண்டா பக்கத்துல சுவானி போறோம். ஞாயிறு ரிவர்டேல் கோயில். இன்டர்ஸ்டேட் 85-லயே போயிடலாமா?

குமார் அண்ணா: தாராளமா. 40 மேற்குல ஏறும்மா, ஹில்ஸ்பரோ பக்கம் 85 வந்து சேரும். கிரீன்ஸ்பரோ வரை ரெண்டும் ஒரே ரோடு. பிரியற இடத்துல "85 தெற்கு, சார்லட்" போர்டைப் புடிங்க. 40-லயே இருந்துட்டா வின்ஸ்டன்-சேலம்தான்.

செல்வி அக்கா: காலையிலயே கெளம்புங்க. போர்டுல தெற்குன்னு இருந்தாலும் சார்லட் தாண்டினா வண்டி மேற்கத்தான் பாக்கும். சாயங்காலம் வெயில் நேரா கண்ணுல.

ரவி: சார்லட்ல நெரிசல்னா எக்ஸிட் 48-ல 485 அவுட்டர் (ஊரைச் சுத்தற ரிங் ரோடு) எடுத்து, எக்ஸிட் 30-ல திரும்ப 85.

குமார் அண்ணா: மேப்ல சிவப்பு இருந்தா மட்டும் ரவி. இல்லேன்னா வீண் சுத்து. 85 டவுனுக்குள்ள போறதில்ல, வடக்கால ஒதுங்கிப் போயிடும்.

மீனா: ஜார்ஜியால டோல் லேன்?

செல்வி அக்கா: ஹாமில்டன் மில் கிட்ட ஆரம்பிக்கும். சுவானிக்கு எக்ஸிட் 111-ல இறங்கணும், அதனால உள்ள போகவே போகாதீங்க. இரட்டை வெள்ளைக் கோடு, இடைவெளி விட்ட இடத்துலதான் வெளிய வரலாம். தாண்டினா அபராதம். ஞாயிறு வேணும்னா நம்ம வட கரோலினா டோல் பாஸ், க்விக் பாஸே செல்லும். பாஸ் இல்லாம நுழையக் கூடாது, வீட்டுக்கு பில் வர்ற கதை அங்க இல்ல. மூணு பேர் இருந்தா இலவசம்ங்கறது ஜார்ஜியாவோட பீச் பாஸ் வச்சிருக்கறவங்களுக்கு, அதுவும் பாஸை முன்கூட்டியே டோல் இல்லாத மோடுக்கு மாத்தி வச்சிருந்தா.

ரவி: 85 மைல் வேகம் தொட்டா அங்க சாதா அபராதத்துக்கு மேல 200 டாலர் தனியா.

குமார் அண்ணா: மீனா, கோயிலுக்குத்தான் எல்லாரும் ஏமாறுவாங்க. அது இருக்கிறது ஜார்ஜியா ஸ்டேட் ரோடு 85, இன்டர்ஸ்டேட் இல்ல. அட்லாண்டா நடுவுல 75-ம் 85-ம் சேர்ந்து ஓடி, தெற்க பிரியும். அங்க 75-ஐ எடுத்து 237ஏ. 85-லயே போனா ஏர்போர்ட் டொமஸ்டிக் டெர்மினல் வாசல்.

மீனா: ஐயோ, நம்பர் பாத்து 85-லயே போயிருப்பேன் 😅 முழு அட்ரஸ் போட்டு வச்சுக்கறேன்ணா. திரும்பி வரப்ப?

குமார் அண்ணா: 163-ல வலது பக்கம் 40 கிழக்கு. விட்டுட்டா டர்ஹாம் வந்துடும், பதறாதீங்க. 172-ல 147 தெற்கு எடுத்தா, அது 885 தெற்குல சேர்ந்து திரும்ப 40-ல கொண்டு விடும்.