மறுமொழி: 'ஜானர் ஃபிக்ஷன்' - தடநாவல் என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

துப்பறியும் கதை, சரித்திரக் கதை, பேய்க்கதை என்று ஒரு வகையின் வழக்கத்தை ஒட்டி எழுதப்படும் நாவல்களை ஆங்கிலத்தில் 'ஜானர் ஃபிக்ஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: வணிக நாவல், வெகுஜன நாவல், பொழுதுபோக்கு நாவல், வகைமை நாவல், கடைசியாகத் தமிழாசிரியர் ஐயா முன்வைத்த புலன்நாவல். ஐந்தையும் நான் வளர்ந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டு முன்கட்டில் வாடகை நூல்நிலையம் நடத்தினார். பள்ளி விட்டு வந்ததும் நோட்டில் வரவு எழுதுவது என் வேலை. அலமாரியில் பாதி மாத நாவல்கள். மீதி, வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங். பெரியம்மா எதையும் வகை பிரித்து அடுக்கியதில்லை. வகையெல்லாம் வாங்க வந்தவர்கள் பேச்சில்தான் இருந்தது. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஓர் அக்கா, "கடைசில சேந்துடுவாங்க இல்ல பெரிம்மா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் புத்தகத்தைப் பைக்குள் வைப்பார். பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்த அண்ணன் ஒருவர், "யார் செஞ்சான்னு மட்டும் சொல்லிடாத தம்பி" என்பார். அக்காவுக்கு முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டும். அண்ணனுக்குத் தெரியவே கூடாது, ஆனால் கடைசிப் பக்கத்துக்குள் ஒருவன் பிடிபட்டே தீர வேண்டும். புத்தகம் தங்களை எங்கே கொண்டுபோய் இறக்கிவிடும் என்பது இருவருக்கும் அட்டையைப் பார்த்ததுமே தெரியும். வாசகருக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பேச்சில்லாத உடன்பாடுதான் நாம் பெயர் தேடும் பொருள் என்று நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் முதல் மூன்று சொற்களும் நிற்காது. 'வணிக நாவல்' விற்பவரைப் பற்றிப் பேசுகிறது. 'வெகுஜன நாவல்' எத்தனை பேர் படித்தார்கள் என்பதைச் சொல்கிறது. முந்நூறு பேர் மட்டும் படித்த துப்பறியும் நாவலும் துப்பறியும் நாவல்தானே? 'பொழுதுபோக்கு' என்பது ஒரு தீர்ப்பு. பெயர் வைக்கும்போதே மார்க் போடக்கூடாது. அந்த அக்கா பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்ததைப் பொழுதுபோக்கு என்று என்னால் எழுத முடியவில்லை.

'மாத நாவல்' இருக்கிறதே, அதையே விரிக்கலாமே என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நல்ல சொல், மக்கள் சொல். ஆனால் அது வெளிவரும் முறையின் பெயர். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரம் தோறும் கல்கியில் வந்தது. அதை மாத நாவல் என்று எப்படிச் சொல்வது? பிற மொழிக்காரர்கள் புறத்தோற்றத்தை வைத்தே பெயரிட்டதுண்டு. இத்தாலியில் மொண்டாடோரி பதிப்பகம் 1929-இல் குற்றக்கதைகளை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியது. இன்றும் அங்கே துப்பறியும் கதைக்கு 'மஞ்சள்' என்றே பெயர். பிரெஞ்சில் 1945-இல் வரத் தொடங்கிய குற்றக்கதை நூல்வரிசையான 'கறுப்பு வரிசை' இன்னொன்று. ஆங்கிலத்தில் மலிவு விலைக் கதைகளைக் குறிக்கும் 'பல்ப்' என்பது மலிவான மரக்கூழ்த் தாளிலிருந்து வந்த பெயர். நம்மிடம் அப்படி ஒரே நிறமோ ஒரே தாளோ நிலைக்கவில்லை. தமிழில் மஞ்சள் என்றால் வேறு பொருளும் வந்துவிடும்.

ஐயா சொன்ன 'புலன்' என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் எண்வகை வனப்புகளில், அதாவது நூலுக்குரிய அழகுகளில், ஒன்று அது. சேரிமொழியில் செவ்வையாகச் சொல்லி, 'தேர்தல் வேண்டாது குறித்தது தோன்றின்' அது புலன் என்கிறது நூற்பா. ஆராய்ந்து பொருள் தேட வேண்டாத, தெருவில் புழங்கும் மொழியில் அமைந்த ஆக்கத்துக்கு நம் இலக்கணம் ஒரு பெயர் வைத்து, அதை 'வனப்பு' என்ற தலைப்பின் கீழும் வைத்திருக்கிறது. எளிய மொழியில் எழுதியவர்களை ஒதுக்கிப் பேசும் எல்லோருக்கும் இந்த நூற்பாவைக் காட்ட வேண்டும், ஐயா. ஆனாலும் கலைச்சொல்லாக எனக்குத் தயக்கம். ஒன்று, இன்று புலன் என்றதும் ஐம்புலன் நினைவுக்கு வருகிறது, அடுத்தது புலனாய்வு. 'புலன்நாவல்' என்றால் குற்றக்கதை மட்டும் என்றே படிப்பார்கள். இரண்டு, புலன் மொழிநடையைக் குறிக்கிறது, உடன்பாட்டை அல்ல. கடினமான நடையிலும் சரித்திர நாவல் எழுதியிருக்கிறார்கள்.

'வகைமை' திறனாய்வில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். ஜானர் என்ற தனிச்சொல்லுக்கு வகைமை சரி. ஆனால் காப்பியமும் ஒரு வகைமை, நாட்குறிப்பும் ஒரு வகைமை. 'வகைமை நாவல்' என்றால் வகைமை இல்லாத நாவல் எது என்ற கேள்வி வரும்.

என் பரிந்துரை: தடநாவல்.

தண்டையார்பேட்டை டிப்போவில் நின்று வரும் பஸ்ஸைப் பாருங்கள். நெற்றியில் தடம் எண்ணும் போய்ச்சேரும் ஊரும் எழுதியிருக்கும். எங்கே போகிறது என்று தெரிந்துதான் ஏறுகிறோம். ஜன்னலோர சீட்டு, யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், எந்த சிக்னலில் நிற்கிறது, எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிது. ராஜராஜன் 985-இல் அரியணை ஏறினான் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இருந்தும் அவன் இளமைக்காலக் கதையான பொன்னியின் செல்வனை ஐந்து பாகம் மூச்சுப் பிடித்துப் படிக்கிறோம். தடம் தெரிந்திருப்பதால் பயணச் சுவை குறையவில்லை.

சொல்லமைப்பிலும் சிக்கலில்லை. தடகளம், வழித்தடம் என்று பழகிய சொற்கள் இருக்கின்றன. கிளைச்சொற்களும் வளரும்: தடமரபு, தடக்கலப்பு, தட எழுத்தாளர்.

ஓர் எச்சரிக்கை. உள்வகைகளுக்குத் தயவுசெய்து புதுச்சொல் ஆக்க வேண்டாம். குறிப்பாக ரொமான்ஸுக்கு. 'காதல் நாவல்', 'இன்பியல் நாவல்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வாசகிகள் அதற்கு என்றைக்கோ 'குடும்ப நாவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கில ரொமான்ஸ் பெரும்பாலும் திருமணத்தை நோக்கிப் போகும். நம்முடையவற்றில் பலவற்றில் கல்யாணம் முதல் சில அத்தியாயங்களிலேயே நடந்துவிடும், அதுவும் விருப்பமில்லாமல். அதன்பின் மாமியார், நாத்தனார், பழைய சந்தேகம் எல்லாவற்றையும் கடந்து புருஷன் பெண்டாட்டிக்குள் காதல் வர வேண்டும். கதை நடக்கும் களம் குடும்பம், அதனால் குடும்ப நாவல். இதைக் 'காதல் நாவல்' என்று மாற்றினால் பெயர் ஆங்கிலத்துக்குப் பொருந்தும், புத்தகத்துக்குப் பொருந்தாது. அதேபோல் சரித்திர நாவல், துப்பறியும் நாவல், க்ரைம் நாவல், பேய்க்கதை எல்லாம் அப்படியே இருக்கட்டும். இவை எல்லாவற்றையும் அடக்கும் கூரைச்சொல் ஒன்றுதான் நமக்கு இல்லை.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

* * *

அண்ணா, வணக்கம். கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன்.

குடும்ப நாவல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் தடநாவலில் எனக்கு இரண்டு நெருடல். 'ஒரே தடத்தில் ஓடுகிறது' என்றால் புதுமை இல்லை என்று அர்த்தம். மார்க் போடக்கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் கொண்டுவரலாமா? இன்னொன்று, பேசும்போது 'தடை நாவல்' என்று காதில் விழுகிறது. தடை செய்யப்பட்ட நாவலோ என்று கேட்பார்கள். சங்க இலக்கியத்தில் 'துறை' இருக்கிறதே? ஒரு துறைக்குரிய சூழலும் கூற்றும் கேட்பவருக்கு முன்பே தெரியும். புலவர் அதற்குள்தான் புதிதாகச் சொல்கிறார். நீங்கள் சொல்லும் உடன்பாடு அப்படியே இருக்கிறது.

* * *

தங்கைக்கு,

துறை பற்றிச் சொன்னது மிகப் பொருத்தம். தலைவன் பிரிந்தான், தலைவி ஆற்றாள், தோழி தேற்றுகிறாள். அடுத்து என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் நூற்றுக்கணக்கான பாட்டுகள் புதிதாக இருக்கின்றன. கட்டுரை எழுதும்போது இந்த ஒப்புமையை நான் கண்டிப்பாக எடுத்தாள்வேன். ஆனால் 'துறை நாவல்' என்று பலகை வைத்தால் காவல்துறை, வருவாய்த்துறை வரிசையில் போய் நிற்கும். எங்கள் பக்கத்தில் துறைமுகம் வேறு. அந்த அலமாரிக்கு முன்னால் நின்ற அக்காவிடம் சொன்னால் புரிய வேண்டும் என்பதுதான் நான் வைக்கும் சோதனை. துறை அதில் தேறவில்லை.

'ஒரே தடத்தில்' என்பதில் குறை 'ஒரே'யில் இருக்கிறது, தடத்தில் இல்லை. 'தடம் பதித்தார்' என்று பாராட்டாகவும் சொல்கிறோம். கொலை விசாரணைக்கு நடுவில் குடும்ப நாவல் ஓடினால் இருதட நாவல் எனலாம், வழக்கத்தை உடைத்தால் தடம் மாறிய நாவல் எனலாம். உன் நெருடலுக்குள்ளேயே சொல்லின் வளம் இருக்கிறது, பார்.

காதில் 'தடை' என்று விழுவது உண்மை. நேற்று வீட்டில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவர் அப்படித்தான் கேட்டார். அதனால் முதல் முறை எழுதும்போது 'தடம்சார் நாவல்' என்று விரித்துவிட்டு, அடுத்து சுருக்கலாம். இதை இணைய அகராதியான விக்சனரியில் சேர்ப்பதற்கு முன் ஐயாவும் ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டும். வரைவு:

தடநாவல் (பெயர்ச்சொல்): வாசகர் முன்பே அறிந்த கதைமரபையும் முடிவு குறித்த எதிர்பார்ப்பையும் ஏற்று, அதற்குள் புதுமை செய்யும் நாவல். குடும்ப நாவல், துப்பறியும் நாவல், சரித்திர நாவல், பேய்க்கதை முதலியன இதன் வகைகள். எடுத்துக்காட்டு: பெரியம்மாவின் நூல்நிலையத்தில் தடநாவல்கள்தான் அதிகம் வாடகைக்குப் போயின.