மறு: டிகேஏ-வுக்குத் தமிழில் என்ன? ‘அமிலச்சாய்வு’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களுக்கும் வணக்கம். நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் போதாமல், கீட்டோன் எனப்படும் அமிலப் பொருள்கள் ரத்தத்தில் சேரும் ஆபத்தான நிலையைத்தான் டிகேஏ (diabetic ketoacidosis) என்கிறோம். அதற்கு நான் முன்மொழிந்த சொல்லைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘நீரிழிவுக் கீட்டோன் அமிலத்துவம்’ போதுமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் ‘அமிலத்துவம்’ என்றால் அவர்கள் நினைப்பு நேரே வயிற்றுக்குத்தான் போகும். நம் ஊரில் அமிலம் என்றால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், ‘கேஸ்’. இந்த நோயிலும் வாந்தியும் வயிற்றுவலியும் பலருக்கு முன்னால் வந்து நிற்கும். கேஸ் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். ‘ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு’ என்று இன்சுலினையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும், கல்லீரல் அதைக் கீட்டோன்களாக்கி ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். நோய் இருப்பது ரத்தத்தில். பெயரைக் கேட்டதும் இரைப்பை நினைவுக்கு வந்தால் அந்தப் பெயரால் கெடுதலே.

> அப்படியானால் ‘அமில ரத்தம்’ என்றே சொல்லிவிடலாமே?

அதிலும் ஒரு சிக்கல். ரத்தத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம்) சாதாரணமாக 7.35 முதல் 7.45 வரை. 7.3-க்குக் கீழே இறங்கினால் இந்த நோயைச் சந்தேகிக்கிறோம். 7.1 என்றால் நோயாளி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். (1874இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் விவரித்த ஆழ்ந்த மூச்சு இதுதான். ‘வீசிங்’ என்று நினைத்து நெபுலைசர் வைப்பவர்களும் உண்டு.) அந்த 7.1-லும், 7-க்கு மேலே இருப்பதால், பள்ளி வேதியியல் கணக்குப்படி ரத்தம் இன்னும் காரம்தான். அமிலமாகிவிடவில்லை, அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதனால்தான் ‘அமிலச்சாய்வு’ என்கிறேன். எதிர்த்திசைக்குக் ‘காரச்சாய்வு’. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்ற முடியாமல் வருவது ‘சுவாச அமிலச்சாய்வு’. லாக்டிக் அமிலத்தால் வருவதற்கும் இதே ஒட்டு பொருந்தும். வினைகளும் தானாக வந்து சேர்கின்றன: சாய்வு கூடுகிறது, குறைகிறது, நிமிர்கிறது. ‘அமிலத்துவம் நிமிர்ந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. கணக்குப் பாடத்திலும் சாய்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அங்கே யாருக்கும் சலைன் ஏற்றப் போவதில்லை.

> பெயரில் ‘மிகுசர்க்கரை’ என்று சேர்த்தால் பொதுமக்களுக்கு விளங்கும்.

இதை மட்டும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை 180 இருக்கும்போதே இந்த நோய் வந்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதுபற்றி எச்சரித்தது. 2024இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வரையறையில், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை இவ்வளவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கீட்டோனும் அமிலச்சாய்வும்தான் கணக்கு.

சிகிச்சையிலும் இதே கதை. முதலில் சலைன். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் அதை ஏற்றிய பிறகே இன்சுலின்; இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும், இதயத்துடிப்பு தடுமாறும். சில மணி நேரத்தில் சர்க்கரை 250-க்கு வந்துவிடும், சாய்வு நிமிராது. உடனே சலைனோடு குளுக்கோசையும் சேர்த்து, இன்சுலினையும் ஓடவிடுவோம். அப்போது கூட இருப்பவர் கேட்பார்: ‘சுகர்தான் இறங்கிடுச்சே, அப்புறம் எதுக்கு டாக்டர் இன்சுலின்? அதோட குளுக்கோஸ் வேற ஏத்துறீங்க?’ நியாயமான கேள்வி. ‘சாய்வு இன்னும் நிமிரலைம்மா’ என்று பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பெயரிலேயே மிகுசர்க்கரை இருந்தால் சர்க்கரை இறங்கியதும் நோய் தீர்ந்ததாகத்தானே நினைப்பார்கள்?

‘கீட்டோன்’ பற்றி ஒரு வார்த்தை. இதில் பெருமளவு சேர்வது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். வேதியியல்படி அது கீட்டோனே அல்ல, சிறுநீரில் தோய்த்துக் கீட்டோன் பார்க்கும் பட்டைக்கும் அது தெரியாது. விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் கருவிதான் அதைக் காட்டும். 3-க்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டும். ஆனாலும் உலகமே கீட்டோன் என்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ‘கொழுப்பெரி அமிலம்’ என்று மொழிபெயர்க்கப் போனால் சோதனைக் கூடத்தில் யாருக்கும் புரியாது.

ஆக முழுப்பெயர் ‘நீரிழிவுக் கீட்டோன் அமிலச்சாய்வு’. நீளம்தான். வார்டில் டிகேஏ என்றுதான் சொல்வார்கள், அதை மாற்ற முடியாது. டிஸ்சார்ஜ் தாளிலும் பாடநூலிலும் இந்தச் சொல் இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. பட்டினி கிடந்தாலும் பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்த உணவு) சாப்பிட்டாலும் கீட்டோன் ஓரளவு ஏறும், சாய்வு வராது, பெரும்பாலும் பயமும் இல்லை. அதற்குக் ‘கீட்டோன் ஏற்றம்’ என்று தனிச்சொல் வைக்கலாமா? ‘ஏற்றம்’ என்பது உயர்வு, சிறப்பு என்றும் பொருள்படுமே என்று எனக்கே ஒரு தயக்கம். ‘கீட்டோன் மிகை’ என்றால் நோய் போலத் தொனிக்கிறது. ஐயா, இதற்கு உங்கள் கருத்து வேண்டும்.