சான்செர் பக்கம் ஆட்டுப்பால் சீஸ் பண்ணை: எப்போது போகலாம்?

கேள்வி: பிரான்சில் சான்செர் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறோம். பக்கத்து ஷவிஞோல் கிராமத்தில் ஆட்டுப்பால் சீஸ் செய்வதையும் பார்க்கணும். எந்த மாதம், எந்த நேரம் நல்லது? வாங்கியதை எப்படிக் கொண்டுவருவது?

பதில் 1: ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போங்க. குளிர்காலத்தில் ஆடுகள் சினையாக இருக்கும், பால் வற்றிவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையில் போனால் அச்சில் நிரப்புவதைப் பார்க்கலாம். ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் நொதி) கொஞ்சம்தான் சேர்ப்பார்கள், புளிப்புதான் பாலை உறைய வைக்கும். அதனால் 24 மணி நேரமாவது ஆகும். பிறகு துணியில் வடித்து, அச்சில் நிரப்பி, உப்பிட்டு, உலர்த்தி, குறைந்தது 10 நாள் முதிரவிடணும். நீர் சரியாக வடியாவிட்டால் மேல்தோல் கழன்று வழுக்கும். வாங்கும்போது அதை அவசியம் பாருங்க.

பதில் 2: சுவைத்துப் பார்க்கும்போது இளசான சீஸில் தொடங்கி முற்றியதில் முடியுங்க. முற்றியதன் காரம் நாக்கில் ஏறிவிட்டால் இளசின் மென்மையான புளிப்பு தெரியவே தெரியாது. கூடவே உள்ளூர் சோவிஞோன் பிளாங்க் வெள்ளை வைன், அதுவே அருமையான ஜோடி.

பதில் 3: பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றாதீங்க, வியர்த்து அமோனியா வாடை அடிக்கும். காகிதத்தில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் வையுங்க. இது காய்ச்சாத பாலில் செய்வது, லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியின் அபாயம் உண்டு. கர்ப்பிணிகள் கண்டிப்பாகத் தவிர்க்கணும்.