முகாமில் முதலில் வேண்டியது குழாயா, பிரசவ அறையா?

கருவேலம்:
அகதி முகாமுக்கு நன்கொடை கேட்கிறவர்கள் கூடார ஆஸ்பத்திரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். நெருக்கியடித்து மக்கள் கிடக்கிற இடத்தில் முதல் பணம் தண்ணீர், கழிப்பறை, தட்டம்மைத் தடுப்பூசிக்குத்தான் போக வேண்டும். 1994-ல் இன்றைய காங்கோவின் கோமா நகரில் ருவாண்டா அகதிகள் முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காலராவும் வயிற்றுப்போக்கும்தான். தரையெல்லாம் எரிமலைப் பாறை, கழிப்பறைக் குழி வெட்ட வழியில்லை. குடிக்கக் கிவு ஏரித் தண்ணீர். அங்கே எத்தனை டாக்டர்களை இறக்கி என்ன பயன்?

தாமிரா:
நான் ஒரு முகாமில் எட்டு மாதம் செவிலியாக இருந்தவள். நீங்கள் சொல்கிற குழாய் அங்கே இருந்தது. ஒரு ராத்திரி பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். குழந்தை குறுக்காகக் கிடந்தது. அறுவை சிகிச்சைக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். வாசலில் கையெழுத்துக்காக இரண்டு மணி நேரம் நின்றோம். டார்ச் வெளிச்சத்தில் பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் எண் இறங்கியது. வெளியே போன வண்டி ஆஸ்பத்திரியைச் சேரவில்லை. தாயும் பிள்ளையும் வழியிலேயே போய்விட்டார்கள்.

கருவேலம்:
படிக்கவே மனசு கனக்கிறது அக்கா. ஆனாலும் என் வாதத்தை விட மாட்டேன். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று நிவாரண அமைப்புகள் பின்பற்றுகிற ஸ்பியர் கையேடு வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவே பல முகாம்களில் எட்டவில்லை. 1971-ல் மேற்கு வங்கத்துப் பங்கானில் வங்காளதேச அகதிகளுக்குக் காலரா வந்தபோது சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். ஊட்டியது நோயாளிகளின் வீட்டு ஆட்கள். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரியா அதைச் செய்தது?

நடைவண்டி:
கருவேலம், உங்கள் உதாரணம் உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. பங்கானில் நடந்தது சிகிச்சை, குழாய் போட்ட வேலை இல்லை. அப்புறம், "முதலில்" என்றால் எத்தனை வருஷம்? கென்யாவின் டடாப் அகதி முகாம்கள் 1991-ல் தொடங்கியவை. அங்கே பிறந்த பெண்கள் இன்று பிள்ளைத்தாய்ச்சிகள். வயசானவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர். வெயிலில் கொதிக்கிற கூடாரத்தில் இன்சுலினை எங்கே வைப்பது? ஈர மண் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கருவேலம்:
பங்கான் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோடு வேண்டாமா? 10,000 பேருக்கு நாளைக்கு ஒரு சாவுக்கு மேல் போனால் அவசரநிலை என்பது பழகிய அளவு. அதற்குக் கீழே இறங்கும்வரை தண்ணீர்தான். இறங்கிய பிறகு பிரசவ அறை, சர்க்கரை மருந்து எல்லாம்.

தாமிரா:
குழாயைக் குறைக்கச் சொல்லவில்லை தம்பி. ராத்திரியிலும் திறக்கிற ஒரு வாசல், கூடவே ஒரு மருத்துவச்சி, அவ்வளவுதான் கேட்கிறேன். எங்கள் முகாம் நீங்கள் சொல்கிற கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அந்தப் பெண்ணின் உயிர் வாசலுக்கு வெளியே போனதால் எங்கள் இறப்புப் பதிவேட்டில் அவள் பெயரே ஏறவில்லை.