ஆமணக்கெண்ணெய்ப் பொலியூரத்தேன் அப்பம் மாதிரிப் பொங்குகிறது, உதவி!

கல்லடிப் பெடியன்:
உயர்தரச் செயற்றிட்டத்துக்கு ஆமணக்கெண்ணெயில் ரப்பர் மாதிரி ஒரு பொலியூரத்தேன் பிளாஸ்டிக் தகடு வார்க்கப் பார்க்கிறேன். பார்மசியில் வாங்கிய எண்ணெய் 100 கிராம், மெத்தை செய்யும் இடத்தில் கெஞ்சி வாங்கிய கபில நிற எம்டிஐ (எண்ணெயோடு சேர்ந்து அதை இறுக வைக்கும் இரசாயனத் திரவம்) 39 கிராம். பேப்பர் கோப்பையில் ஐஸ்பழக் குச்சியால் கலக்கி டின் மூடியில் ஊற்றினேன். காலையில் பார்த்தால் நடு உப்பிக் கிடக்கிறது. வெட்டினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக, அசல் அப்பம். மூன்று தரமும் இதே கதை. முதலில் தேங்காயெண்ணெயில் முயன்றேன், அது இறுகவே இல்லை.

வாவிக்கரை:
வேகமாகக் கலக்கியிருப்பீர்கள், காற்றுப் புகுந்திருக்கும்.

கல்லடிப் பெடியன்:
இல்லை அண்ணா, மெதுவாகத்தான். ஊற்றும்போது ஒரு குமிழும் இல்லை, பிறகுதான் கிளம்புகிறது.

சம்மாந்துறைக் காக்கா:
பிறகு கிளம்பினால் அது காற்றில்லை தம்பி, தண்ணீர். எம்டிஐ ஐசோசயனேட் வகை, அது நீரைக் கண்டால் காபனீரொட்சைட்டு விடும். 100 கிராம் எண்ணெயில் 0.1 கிராம் நீர் இருந்தாலே கிட்டத்தட்ட 130 மில்லிலீற்றர் வாயு. மார்கழி மழையில் திறந்து வைத்த போத்தல் என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெயை மட்டும் 110 பாகையில் ஒரு மணித்தியாலம் கிளறிச் சூடாக்கி, மூடி நன்றாக ஆறவிட்டு அப்புறம் கலவுங்கள். எம்டிஐயைச் சூடாக்கவே கூடாது, ஆவி மூச்சைப் பிடிக்கும். கையுறை போட்டு முற்றத்தில் செய்யுங்கள்.

தேங்காயெண்ணெயில் ஐசோசயனேட் பிடித்துக்கொள்ள ஐதரொட்சில் கூட்டம் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த OH பகுதி) இல்லை. ஆமணக்கின் கொழுப்பமிலத்தில் சுமார் 90 வீதம் ரிசினோலெயிக் அமிலம். அதன் 12ஆம் காபனில் அந்தக் கூட்டம் இருக்கிறது.

வாவிக்கரை:
எம்டிஐ பெற்றோலியத்தில் வருவதுதானே?

சம்மாந்துறைக் காக்கா:
ஓம். இந்தக் கலவையில் எடைக்கு 72 வீதம்தான் செடி. முழுக்க ஆமணக்கிலிருந்தே வருவது நைலோன் 11 என்ற பிளாஸ்டிக். அது வீட்டு வேலையில்லை.

கல்லடிப் பெடியன்:
காய்ச்சியபோது எண்ணெயிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வந்து, பிறகு அடங்கியது. தகடு இப்போது தேன் நிறம்! ஆனாலும் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஓட்டை.

சம்மாந்துறைக் காக்கா:
அதே பேப்பர் கோப்பை, அதே மரக்குச்சியா?

கல்லடிப் பெடியன்:
ஓம்...

சம்மாந்துறைக் காக்கா:
கடதாசியும் மரமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலும் சில்வர் கரண்டியும் எடுங்கள். மிச்சக் கலவையை இறுக்கி மூடிவிடாதீர்கள், வாயு முட்டிப் போத்தல் வெடிக்கும்.

கல்லடிப் பெடியன்:
கரண்டி கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

சம்மாந்துறைக் காக்கா:
அதைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள் தம்பி. புதுசு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.