டெத் வேலி: மேற்கு விசிறிகள் பெரிது, கிழக்கு விசிறிகள் சிறிது. வடிநிலப் பரப்பு மட்டும்தான் காரணமா?

கேள்வி:
கலிபோர்னியாவின் டெத் வேலியில், மேற்கே பனமின்ட் மலையடியில் வண்டல் விசிறிகள் (மலையோடை அடிவாரத்தில் விசிறி வடிவில் பரப்பிய படிவுகள்) அகன்று ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. கிழக்கே பேட்வாட்டர் பக்கம் சின்னச் சின்ன, செங்குத்தான விசிறிகள். விசிறியின் பரப்பு, அதன் ஓடைக்கு நீர் தரும் வடிநிலத்தின் பரப்பினுடைய 0.9 அடுக்கை ஒட்டி வளரும் என்ற சூத்திரத்தை இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி போடலாமா?

பதில் 1:
போடக்கூடாது. அடுக்கெண் பெரும்பாலும் 1-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். இடத்துக்கு இடம் தாவுவது சூத்திரத்தில் அதற்கு முன்னால் பெருக்கலாக நிற்கும் மாறிலி. பனமின்ட் வடிநிலங்கள் பெரியவை என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தாக்கின் தரையே கிழக்கு நோக்கிச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கிழக்கு ஓரத்தில் வண்டல் அகலமாகப் பரவுவதற்குள் புதைகிறது, உப்புத்தரை அதன் அடிவிளிம்பை மூடிவிடுகிறது. கனஅளவு அடியில் இருக்கும், படத்தில் தெரியாது.

பாறையையும் பாருங்கள். கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தை அளந்து நிலவியலாளர் வில்லியம் புல் 1964-இல் வெளியிட்டது இன்றும் நல்ல பாடம்: ஒரே அளவு வடிநிலமானாலும், எளிதில் அரிபடும் களிப்பாறை மிகுந்தவற்றின் விசிறிகள் மணற்கல் வடிநிலங்களுடையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

பதில் 2:
கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அளப்பதென்றால், உயரத் தரவை முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 11 வடக்கு ஆயமுறைக்கு மாற்றுங்கள். பாகையிலேயே விட்டால் பரப்பு, சரிவு இரண்டும் பிசகும். பிறகு வடிநிலத்தை வரைய, பள்ளம் நிரப்பல், ஓட்டத் திசை, ஓட்டத் திரட்சி என்ற கருவிகளை வரிசையாக ஓட்டுங்கள். வெளியேறும் புள்ளியை, ஓடை மலையை விட்டு வெளிவரும் மலைவாயிலேயே வையுங்கள். விசிறிமேல் ஓடை பல கிளையாகப் பிரியும், மென்பொருளோ ஒரே கிளையைப் பிடித்துக்கொள்ளும். புள்ளி கொஞ்சம் கீழே நழுவினாலும் பக்கத்து வடிநிலம் சேர்ந்துவிடும், அல்லது பாதி விசிறி வடிநிலக் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செங்குத்தாக இருப்பதற்கும் வடிநிலம்தான் காரணமா?

பதில் 3:
பெரும்பங்கு அதற்குத்தான். சின்ன, செங்குத்தான வடிநிலத்திலிருந்து கனத்த ஓட்டம் வரும், அது படியும் விசிறியும் செங்குத்தாக நிற்கும். வடிநிலம் எவ்வளவு செங்குத்து என்று காட்டும் மெல்டன் எண்ணைப் போட்டுப் பாருங்கள்: வடிநிலத்தின் உயர வேறுபாட்டை அதன் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 4 சதுர கி.மீ. பரப்பு, 1.6 கி.மீ. உயர வேறுபாடு என்றால் 1.6 ÷ 2 = 0.8. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 0.6-க்கு மேல், வடிநில நீளமும் 2.7 கி.மீ.க்குள் என்றால் கல்லும் சேறுமாக வரும் கனத்த ஓட்டம், 0.3-க்குக் கீழே வெறும் வெள்ளம் என்று பிரிக்கிறார்கள். அது ஈரமான மலைநாட்டு எல்லை. பாலைவனத்தில் அப்படியே ஒட்டாதீர்கள், களத்தில் படிவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். களிக்குள் பெருங்கற்கள் தாறுமாறாகப் பதிந்து, ஓரங்களில் கல்வரப்பு எழுந்திருந்தால் கனத்த ஓட்டம். அடுக்கடுக்காகச் சல்லியும் மணலும் என்றால் நீரோட்டம்.

உச்சியில் ஓடை ஆழமாக வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் இன்னொன்று: இன்று வண்டல் சேர்வது வெட்டு முடியும் இடத்துக்குக் கீழேதான். மேல்பாதி பழைய படிவு, கற்களின்மேல் நாள்பட்டுப் படியும் கருத்த பாறைமெருகு ஏறியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக வரைந்து அளந்தால்தான் இன்றைய வடிநிலத்தோடு ஒப்பிட முடியும்.