லெதர் பந்துக்கு முதல் பேட்: எடை, எண்ணெய் சந்தேகம்

கீழக்கரை_ஓப்பனர்
இதுவரை டென்னிஸ் பந்துதான், இப்போது லெதர் பந்து டீமில் சேர்த்திருக்கிறார்கள். காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட் வாங்கப்போனால் கடைக்காரர் கனமான ஒன்றைக் கையில் திணித்து, இதில்தான் சிக்ஸ் போகும் என்கிறார். நம்பலாமா? அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா?

பெரியபட்டினம்_கீப்பர்
தம்பி, தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். மரத்தில் அது காயவே காயாது, பிசுபிசுவென்று நின்று மைதானத்து மணலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும். பெயிண்ட் கடையில் காய்ச்சியதைத் தருவார்கள், அது வேண்டாம், காய்ச்சாதது என்று கேட்டு வாங்குங்கள். துணியில் கொஞ்சமாகத் தொட்டு முகம், விளிம்பு, அடிமுனை மூன்றிலும் தேய்த்து, படுக்க வைத்து ஒரு நாள் காயவிடுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை போதும். கைப்பிடி மரத்தோடு சேரும் இடத்தில் படவே கூடாது, பசை விட்டுவிடும். நம்ம பக்கம் ஈரம் அதிகம் என்று சிலர் எண்ணெயில் குளிப்பாட்டுகிறார்கள், பேட் கனத்துச் செத்துப்போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஈரப் பிட்ச்சில் பேட்டைத் தட்டிக்கொண்டே நிற்போம் இல்லையா, அடிமுனை அந்தத் தண்ணீரைக் குடித்து வீங்கிவிடும், பிறகு காலடியில் விழும் ஒரு யார்க்கர் போதும் பிளக்க. அடிமுனையைக் காக்கும் ரப்பர் உறை, டோ கார்டு, ஒட்டிவிடுங்கள்.

மண்டபம்_சுழல்
கடைக்காரர் பேச்சு கிடக்கட்டும். கைப்பிடியில் மேலே பிடிக்கும் கையால் மட்டும் பேட்டை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு தொங்கினால் அந்த எடை உங்களுக்கு இல்லை. 1.2 கிலோவை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் சரிவரும். விளிம்பு தடியாக இருக்கிறது என்று மயங்க வேண்டாம், 2017 அக்டோபர் முதல் 40 மில்லிமீட்டர்தான் விதிப்படி உச்சம். முடிச்சு இல்லாமல் மரத்தின் வரிகள் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய டென்னிஸ் பந்து பேட்டோடு லெதர் பந்துக்கு மட்டும் போய்விடாதீர்கள்!

கீழக்கரை_ஓப்பனர்
சரி காக்கா, சரி அண்ணே. வாங்கியதும் நேரே மேட்சுக்கு எடுத்துப்போகலாமா?

பெரியபட்டினம்_கீப்பர்
கூடவே கூடாது. மரச்சுத்தியலால் முதலில் மெதுவாக, போகப்போக பலமாக, எல்லாம் சேர்த்து நாலைந்து மணி நேரமாவது தட்ட வேண்டும். விளிம்பில் நேராக அடிக்காமல் சாய்வாகத் தட்டி மழுங்கவையுங்கள், எட்ஜ் வாங்கும்போது சில்லு பெயராது. அப்புறம் வலையில் பழைய பந்தில் ஆடிப்பாருங்கள், முகத்தில் தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும்.

மண்டபம்_சுழல்
தகரக் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள், மரம் காய்ந்து வெடித்துவிடும்.